எட்டு வீட்டுக் கட்டடத்தை யார் சரிபார்ப்பது?

நான்கு வீடு, ஆறு வீடு, எட்டு வீடு கொண்ட சிறு அடுக்குமாடிக் கட்டடத்தை முழுதாக விலை பேசி வாங்குவது, சென்னையிலும் புறநகர்களிலும் பல நடுத்தரக் குடும்பங்களின் முதல் பெரிய முதலீடாக இருக்கிறது. ஓய்வுபெறும்போது வந்த பணம், வெளிநாட்டுச் சம்பளம், ஊரில் நிலம் விற்ற தொகை எல்லாம் இதில் வந்து சேருகின்றன. ஆனால், இந்த அளவுள்ள கட்டடங்களைச் சரிபார்க்கும் பொறுப்பிலிருந்து அரசின் விதிகள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டிருக்கின்றன. மறுபக்கம், விதிமீறிய கட்டடங்கள் மீது நீதிமன்றத்தின் பிடி இறுகுகிறது. நடுவில் மாட்டிக்கொள்பவர், முதன்முறையாக வாங்குபவர்.

மூன்று விலக்குகள், ஒரு தீர்ப்பு

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா), மனை 500 சதுர மீட்டரைத் தாண்டாத அல்லது 8 வீடுகளுக்கு மேற்படாத திட்டங்களுக்குப் பதிவிலிருந்து விலக்கு தருகிறது. ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. ஏறக்குறைய 223 சதுர மீட்டர். ஆக, இரண்டு கிரவுண்ட் மனையில் கட்டி விற்பவர்கூட ரெராவில் பதிவு செய்ய வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் 750 சதுர மீட்டர் பரப்புக்குள், 8 வீடுகளுக்குள் அடங்கும் குடியிருப்புகளுக்குப் பணி நிறைவுச் சான்றிதழ் தேவையில்லை என்ற சலுகையும் உண்டு. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தின்படி, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்ட, உரிமையாளரே உறுதி கூறி இணையத்தில் உடனடி அனுமதி பெறலாம்.

இந்த விலக்குகளுக்கு நியாயம் இருக்கிறது. சொந்தமாக வீடு கட்டும் ஒருவரை ஒரு சான்றிதழுக்காக மாதக்கணக்கில் அலையவிடுவது கொடுமை. அரசு அந்த அலைச்சலைக் குறைத்தது சரிதான். ஆனால், கட்டியவருக்குத் தந்த சலுகை, பின்னாளில் அதை வாங்குபவரிடமிருந்து ஒரு பாதுகாப்பைப் பறித்துவிட்டது. அனுமதித்தபடிதான் கட்டியிருக்கிறார்களா என்று நேரில் வந்து பார்த்துக் கையெழுத்திட்ட அதிகாரி எவரும் இல்லை என்றால், அந்த வேலை வாங்குபவர் தலையில் விழுகிறது.

2024 டிசம்பர் 17 அன்று மீரட் நகரின் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்த இடத்தில் முக்கியமாகிறது. பல ஆண்டுகள் கடந்துவிட்டன, பெரும் பணம் போட்டாகிவிட்டது, அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை என்ற எந்தக் காரணத்தாலும் விதிமீறிய கட்டுமானம் நியாயமாகிவிடாது என்றது நீதிமன்றம். பணி நிறைவுச் சான்றிதழைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் கட்டடத்தின் பேரில் கடன் தர வேண்டும், மின்சார, குடிநீர், கழிவுநீர் இணைப்புகளும் அதன் பிறகே தரப்பட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. விலக்கு பெற்ற சிறு கட்டடத்தில் அந்தச் சான்றிதழே இருக்காது. விலக்குக்குத் தகுதியானதுதானா என்பதை வாங்குபவரே ஆவணங்களோடு காட்ட வேண்டி வரும். கடன் கேட்டு வங்கிக்குப் போகும் நாளிலும், பிற்பாடு தானே விற்க நினைக்கும் நாளிலும் இந்தக் கேள்வி வரும்.

வரைபடமும் டேப்பும்

வாடகை எவ்வளவு வருகிறது என்பதே முதல்முறை வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி. அதைக் கடைசிக்குத் தள்ளிவைக்க வேண்டும். முதலில் கேட்க வேண்டியது, அனுமதிக்கப்பட்ட வரைபடம். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) அல்லது உள்ளாட்சியின் முத்திரையோடு, அனுமதி எண்ணோடு, முழு அளவுத் தாளில் இருக்க வேண்டும். கைப்பேசியில் காட்டும் படம் போதாது.

வரைபடத்தோடு கட்டடத்துக்குப் போய், நீளமான டேப்பைப் பிடித்து அளக்க வேண்டும். வரைபடத்தில் தரைத்தளமும் இரண்டு தளங்களும் இருக்கும். நேரில் மூன்றாம் தளத்தில் ஒரு வீடு, அதற்கு மேல் தகரக் கூரையோடு இன்னொன்று. வரைபடத்தில் வண்டி நிறுத்தும் இடம் என்று இருப்பது, நேரில் சுவர் வைத்து அடைக்கப்பட்டு ஒற்றை அறை போர்ஷனாக மாறியிருக்கும். அனுமதி இரண்டு வீடுகளுக்கு, சமையலறைகளை எண்ணினால் ஆறு. பக்கவாட்டில் ஐந்தடி விட்டதாகக் காட்டியிருக்கும் இடத்தில் ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் நுழைய முடியும்.

இப்படிக் கூடுதலாக முளைத்த வீடுகளின் வாடகையும் சேர்ந்துதான் விற்பவர் சொல்லும் மாத வருமானம். ஆறு வீட்டில் இரண்டு அனுமதியில்லாதவை என்றால், அந்த இரண்டின் வாடகையை நிரந்தர வருமானமாகக் கணக்கில் எடுத்து விலை கொடுப்பது, நாளை அதிகாரிகள் பூட்டி முத்திரை வைக்கக்கூடிய அறைகளுக்கு இன்றே பணம் கட்டுவதாகும்.

“பிற்பாடு வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம்” என்ற தரகர் பேச்சை நம்பக் கூடாது. தமிழ்நாட்டில் விதிமீறிய கட்டடங்களுக்காக வந்த முதல் வரன்முறைத் திட்டம் 1999 பிப்ரவரி 28 வரை கட்டியவற்றுக்கானது. பின்னாளில் வந்த இன்னொன்று, 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கானது. அதற்குப் பின் எழுந்த கட்டடத்துக்கு இந்த இரண்டிலும் இடமில்லை.

பதிவு செய்துவிட்டால் போதுமா?

பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவாகிவிட்டால் சொத்து பத்திரமாகிவிட்டது என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமானது. விற்பவருக்கு உண்மையில் உரிமை இருக்கிறதா என்று ஆராயும் அதிகாரத்தைப் பதிவுச் சட்டம் சார்பதிவாளருக்குத் தரவில்லை என்று, தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றை ரத்து செய்தபோது 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது.

தாய்ப் பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். 30 ஆண்டு வில்லங்கச் சான்றிதழ், உரிமையாளர் பெயரில் பட்டா, அசல் பத்திரங்கள் ஆகியவற்றைச் சொத்து வழக்குகளில் பழகிய வழக்கறிஞர் ஒருவர் பார்க்க வேண்டும். அவர் விற்பவரோ தரகரோ கூட்டிவந்தவராக இருக்கக் கூடாது. அசலைக் காட்டத் தயங்கினால், அது ஏதோ ஒரு வங்கியிலோ வட்டிக் கடையிலோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே நல்லது.

சிறு கட்டடங்களில் அடிக்கடி சிக்கல் வரும் இடம் குடும்பப் பாகம். அப்பா கட்டிய ஆறு வீட்டுக் கட்டடத்தை, அவர் காலமான பிறகு அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து விற்க வருவார்கள். திருமணமாகிப் போன சகோதரிகளைப் பற்றிப் பேச்சே இருக்காது. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் தனிச் சொத்தில் மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் 1956 முதலே சமப் பங்கு உண்டு. பூர்வீகச் சொத்திலும் மகள்களுக்குச் சம உரிமை தரும் சட்டத்தைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது. 2005-ல் அது நாடு முழுவதற்குமானது. வாரிசுச் சான்றிதழில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் கிரயப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து இருக்க வேண்டும். “தங்கச்சி ஒன்றும் சொல்லமாட்டாள்” என்பதை நம்பி முன்பணம் கொடுக்கக் கூடாது. வாரிசுகளில் பதினெட்டு வயது நிரம்பாதவர் இருந்தால், பெரும்பாலும் நீதிமன்ற அனுமதி தேவைப்படும்.

தண்ணீர் சொல்லும் கதை

சென்னையில் ஒரு கட்டடத்தின் தலையெழுத்தைத் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வேளச்சேரியும் பட்ட பாட்டை எவரும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் மீண்டும் அதே நிலை. இதற்கு நடுவே, 2019 கோடையில் நகரின் ஏரிகள் வறண்டு, மக்கள் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தார்கள். வெள்ளம், வறட்சி இரண்டையும் மனத்தில் வைத்துத்தான் ஒரு கட்டடத்தைப் பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்குப் பெரிய நிபுணத்துவம் வேண்டாம். வாசலில் நின்று, தெருவிலிருந்து உள்ளே போக ஏற வேண்டியிருக்கிறதா இறங்க வேண்டியிருக்கிறதா என்று கவனித்தாலே போதும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதில், 25 ஆண்டுக்கு முன் தெருவைவிட உயரமாகக் கட்டிய வீடுகள் பல இன்று பள்ளத்தில் கிடக்கின்றன. மின் மீட்டர் பலகையைப் பாருங்கள். பழைய இடத்தில் ஆணித் துளைகளும் ஒயர் போன தடமும் இருந்து, பலகை மட்டும் தலைக்கு மேல் ஏறியிருந்தால், தண்ணீர் அந்தப் பழைய இடம்வரை வந்திருக்க வாய்ப்புண்டு. தரைத்தளச் சுவரில் மட்டும் இடுப்பளவுக்குப் புது டைல்ஸ் ஒட்டியிருந்தாலும் அதே சந்தேகம் வர வேண்டும். எதிர்வீட்டுக்காரரிடமும் தெருமுனை இஸ்திரிக்காரரிடமும் “2015-ல் எவ்வளவு தண்ணீர் நின்றது?” என்று கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். விற்பவரின் பதிலைவிட அது நம்பகமானது.

போர்வெல் தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். உப்பாக இருந்தால் குழாய்கள் சீக்கிரம் அரித்துப்போகும், குடியிருப்பவர்கள் கேன் தண்ணீருக்கும் லாரிக்கும் செலவழிப்பார்கள், அந்த அளவுக்கு வாடகை குறையும். மெட்ரோ வாட்டர் இணைப்பும் பாதாளச் சாக்கடையும் இருக்கின்றனவா, அல்லது செப்டிக் டேங்க்தானா? இரண்டு வீட்டுக்குப் போட்ட டேங்கை ஆறு வீடுகள் பயன்படுத்தினால் கழிவுநீர் லாரி அடிக்கடி வர வேண்டியிருக்கும். அந்த டேங்கில் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்வது சட்டப்படி குற்றம் என்பதையும் புதிதாக வீட்டு ஓனர் ஆகிறவர் அறிந்திருக்க வேண்டும்.

அடுத்தது கட்டடத்தின் பலம். 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அது திட்ட அனுமதி பெற்ற கட்டடம். அனுமதித் தாள் வேறு, தூணின் வலு வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. சிறு கட்டடங்களில், குறிப்பாகக் கடற்கரையை ஒட்டிய பகுதிகளில், உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து வீங்கிக் காங்கிரீட்டை வெடிக்கச் செய்கிறது. பால்கனியின் அடிப்பாகம், மாடிப்படியின் கீழ்ப்புறம், மேல்நிலைத் தொட்டியைத் தாங்கும் தூண்கள் ஆகிய மூன்று இடங்களில் அது முதலில் தெரியும். தூணில் கம்பியின் நீளவாக்கில் விரிசல் ஓடினால், பூசி வெள்ளையடித்து மறைத்திருந்தாலும் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கூட்டிவந்து காட்ட வேண்டும். கோடிக்கணக்கில் விலை பேசும்போது, அவருக்குத் தரும் கட்டணத்தை மிச்சம் பிடிக்க நினைப்பது வருந்தத்தக்கது.

கணக்கு என்ன சொல்கிறது?

இவ்வளவும் தேறிய பிறகுதான் வாடகை. ஒரு கற்பனைக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். புறநகரில் ஒரு கிரவுண்ட் மனை, ஆறு வீடுகள், விலை 2 கோடியே 40 லட்சம் ரூபாய். வீட்டுக்கு 14,000 வீதம் மாதம் 84,000. ஆண்டுக்கு 10 லட்சத்து 8 ஆயிரம். தரகர் இதை 4.2 சதவீத வருமானம் என்பார்.

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இதுவே 21 லட்சத்து 60 ஆயிரம். தரகு, வழக்கறிஞர், பொறியாளர் எல்லாம் சேர்த்தால் மொத்தச் செலவு 2 கோடியே 65 லட்சத்தைத் தொடும்.

வரவில், வீட்டுக்கு ஒரு மாதம் காலியாக இருக்கும் என்று 84,000 கழிக்க வேண்டும். சொத்து வரி 30,000, பொது மின்சாரம், மோட்டார், துப்புரவு, தொட்டி கழுவல், கழிவுநீர் லாரி என மாதம் 8,000, பழுதுக்கும் வெள்ளையடிப்புக்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால், கையில் நிற்பது சுமார் 6 லட்சத்து 98 ஆயிரம். போட்ட பணத்தில் 2.6 சதவீதம். வருமான வரி இன்னும் கட்டவில்லை. வாடகையில் 30 சதவீதத்தை நிலையான கழிவாக வரிச் சட்டம் தருகிறது என்பது கொஞ்சம் ஆறுதல்.

கடனில் வாங்கினால் நிலைமை இன்னும் கடினம். 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடனில், சொத்து மதிப்பின் 75 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதன்படி 1 கோடியே 80 லட்சம் கிடைக்கிறது என்றால், 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 1 லட்சத்து 56 ஆயிரம். செலவு போக வாடகையில் மிஞ்சுவது 58,000. மீதி 98,000 ரூபாயை ஒவ்வொரு மாதமும் சம்பளத்திலிருந்து போட வேண்டும். கையிலிருந்து முதலிலேயே 85 லட்சம் போயிருக்கும். “வாடகையே தவணையைக் கட்டிவிடும்” என்று சொல்லி விற்கப்படும் கட்டடத்தின் உண்மைக் கணக்கு இது.

அப்படியானால் ஏன் வாங்க வேண்டும்? நிலத்துக்காக. அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்குபவருக்குக் கிடைப்பது பிரிக்கப்படாத மனைப் பங்கு. முழுக் கட்டடத்தையும் வாங்குபவருக்கு மனை முழுவதும் சொந்தம். இடித்துக் கட்ட வேறு யாருடைய சம்மதமும் வேண்டாம். 2019-ல் வந்த கட்டட விதிகள், உயரம் குறைந்த கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவை, 1.5-லிருந்து 2 ஆக உயர்த்தின. பழைய விதியில் கட்டிய கட்டடத்தை நாளை திரும்பக் கட்டினால் கூடுதல் பரப்பு கிடைக்கலாம். எனவே, மனையின் விலையைத் தனியாகக் கணக்கிட்டுக் கழித்துப் பார்க்க வேண்டும். அந்தக் கற்பனைக் கட்டடம் இருக்கும் தெருவில் சதுர அடி 7,000 என்றால் மனை 1 கோடியே 68 லட்சம். அதாவது, பழைய சுவர்களுக்கு 72 லட்சம் கேட்கிறார்கள். பேரம் அங்கிருந்து தொடங்கலாம்.

விற்பவர் தரும் வாடகைப் பட்டியலை அப்படியே ஏற்க வேண்டாம். ஒவ்வொரு வீட்டின் கடந்த ஓராண்டு ஈபி பில்லைக் கேளுங்கள். இரண்டு மாதத்துக்குப் பத்து இருபது யூனிட்தான் ஓடியிருக்கிறது என்றால், அந்த வீட்டில் ஆள் இல்லை. வாடகை வரவு வங்கிக் கணக்கில் தெரிய வேண்டும்.

குடியிருப்பவர்கள் கொடுத்த அட்வான்ஸை மறக்கக் கூடாது. வீட்டுக்கு ஒரு லட்சம் என்றால் ஆறு லட்சம். காலி செய்யும்போது அவர்கள் அதைப் புதிய உரிமையாளரிடம்தான் கேட்பார்கள். அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொள்ள வேண்டும், பத்திரத்திலும் எழுத வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தங்கள் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகாத ஒப்பந்தத்தோடு வாங்கினால், நாளை தகராறு வரும்போது இரு தரப்புக்கும் கையில் ஆதாரம் இருக்காது.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குபவர் ஒரு சதவீதத்தைப் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வாழ்பவர் என்றால் விகிதம் வேறு, மிக அதிகம். விலையில் ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள். பத்திரத்தில் குறைத்துக் காட்டிய விலை, பிற்பாடு விற்கும்போது உங்கள் லாபமாகத் தெரிந்து வரியாகத் திரும்பி வரும்.

செய்ய வேண்டியவை

அரசுக்கு மூன்று கோரிக்கைகள். கதவு எண்ணையோ சர்வே எண்ணையோ கொடுத்தால், அந்த இடத்துக்கு அளித்த திட்ட அனுமதியும் வரைபடமும் எவரும் பார்க்கும்படி ஒரே இணையப் பக்கத்தில் கிடைக்க வேண்டும். சிஎம்டிஏ, மாநகராட்சி, ஊராட்சி என்று வாங்குபவர் அலையக் கூடாது. இரண்டாவது, விலக்கு பெற்ற சிறு கட்டடங்களுக்கும், உரிமையாளரோ வாங்குபவரோ விரும்பிக் கேட்டால், கட்டணம் பெற்றுக்கொண்டு நேரில் பார்த்து ‘அனுமதித்தபடி கட்டப்பட்டுள்ளது’ என்று சான்று தரும் வழி வேண்டும். கட்டாயம் வேண்டாம், வாய்ப்பு இருக்கட்டும். மூன்றாவது, பல வீடுகள் கொண்ட கட்டடத்தின் கிரயப் பத்திரத்தோடு அனுமதி வரைபடத்தின் நகலை இணைப்பதைப் பதிவுத் துறை நடைமுறையாக்க வேண்டும். பத்திரத்தில் இருக்கும் வீடுகளின் எண்ணிக்கையும் வரைபடத்தில் இருப்பதும் ஒன்றா என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

வாங்குபவருக்கு: முன்பண ஒப்பந்தத்தில், வழக்கறிஞரும் பொறியாளரும் குறை கண்டால் பணம் முழுதாகத் திரும்ப வேண்டும் என்ற வரியைச் சேர்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கட்டடத்தை ஒருமுறை வெயிலிலும் ஒருமுறை நல்ல மழையிலும் போய்ப் பாருங்கள். அனுமதியுள்ள வீடுகளின் வாடகையை மட்டும் எடுத்துக் கணக்குப் போடுங்கள். அந்தக் கணக்கில் மாதாமாதம் விழும் துண்டை இரண்டு வருடமாவது சம்பளமில்லாமல் தாங்க முடியாது என்றால், அந்தக் கட்டடத்தை விட்டுவிடுங்கள்.